‘நீ’ என்று சொல்ல ஒரு வினைச்சொல்

மதுரைக்குப் பக்கம், கப்பலூரில் ஒரு தகரக் கொட்டகை. தரையில் புதிதாக இழுத்த மஞ்சள் பெயின்ட் கோடு, இன்னும் சரியாகக் காயவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் என் அண்ணன் சோலைமலை. இந்தப் பக்கம் முதலாளியின் மகன் கௌதம். இருவர் தலையிலும் விலைச்சீட்டு கிழிக்காத ஹெல்மெட். நடுவில் முதலாளி தனசேகரன், ஆண்டு விழா நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கும் வாத்தியார் மாதிரி இடுப்பில் கைவைத்து நின்றார்.

“சொல்லுப்பா. ‘அண்ணே, இங்க வாங்க.’ அம்புட்டுத்தான்.”

கௌதம் வாயைத் திறந்தார்.

இங்கே ஒரு நிமிஷம். திறந்தான் என்று எழுதுவதா, திறந்தார் என்று எழுதுவதா என்று எனக்கே குழப்பம். பையனுக்கு என் மூத்த மகள் வயசுதான். ஆனால் இந்த வாரம் சொல்லப்போகிற சங்கதி அப்படிப்பட்டது. அதனால் இந்த அத்தியாயத்தில் வருகிற எல்லாருக்கும் ‘ஆர்’ போட்டுவிடுகிறேன். யாருக்கு விட்டுப்போச்சு என்று பிற்பாடு வம்பு வேண்டாம்.

“அண்ணே…” வரைக்கும் வந்தது. அடுத்த சொல் தொண்டையில் மாட்டிக்கொண்டது. “இங்க… வா… வந்து…” என்று இழுத்தார். காதுமடல் சிவந்துவிட்டது.

ரப்பர் வளையங்களில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த ராக்கம்மா அக்கா, கத்தரியை நிறுத்தாமலே கேட்டார்: “ஏந்தம்பி, ஹெல்மெட்ட வாயிலயா மாட்டிருக்கீக?”

கொட்டகையே சிரித்தது. முதலாளியும் சிரித்தார். சிரிக்காதவர் அண்ணன் ஒருவர்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் வரலாம் என்று காத்துக்கொண்டு நின்றார்.

இந்தக் கூத்துக்கெல்லாம் மூலகாரணம் நான். இன்னும் சரியாகச் சொன்னால், எனக்குத் தெரிந்த ஒரு ஃபிரெஞ்சு வினைச்சொல்.

மின்விசிறிக்காகக் கற்ற மொழி

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு நான் வில்லாபுரத்தில் ஃபிரெஞ்சு டியூசன் நடத்துகிற ஆள் என்பது தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆமாம், ஃபிரெஞ்சு. ஆமாம், வில்லாபுரத்தில். மாடியில் என் வகுப்பு, கீழே மாவு மில். மிளகாய் அரைக்கிற நாட்களில் என் மாணவர்கள் ஃபிரெஞ்சைக் கண்ணீரோடு படிப்பார்கள். மொழிப்பற்று என்று நினைத்துப் பெற்றோர்கள் நெகிழ்ந்திருக்கிறார்கள்.

பிளஸ் டூ பிள்ளைகள் ஃபிரெஞ்சு எடுப்பது ஃபிரான்சுக்குப் போக அல்ல. மார்க்குக்கு. தமிழில் முட்டி மோதினாலும் வராத மார்க், ஃபிரெஞ்சில் வினைச்சொல் அட்டவணையை வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டால் வந்துவிடும். பரீட்சை முடிந்து வாசல் தாண்டுவதற்குள் பாதி மறந்துவிடும். ரிசல்ட் வரும்போது என் பெயரும் மறந்துவிடும்.

நான் எடுத்த காரணம் இன்னும் கேவலம். கல்லூரியில் தமிழ் வகுப்புக்குப் பெஞ்சுக்கு ஆறு பேர் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். ஃபிரெஞ்சு வகுப்பில் ஆளே கிடையாது, மின்விசிறி ஓடும். சித்திரை மாத மதுரை வெயிலில் உட்கார்ந்து பார்த்தவர்கள் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள்.

படிக்க வைத்தது அண்ணன். பத்தாவது முடித்த கையோடு கப்பலூர் ரப்பர் கம்பெனியில் சேர்ந்து, கை நிறையக் கொப்புளத்தோடு என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவர். நான் என்ன எடுத்திருக்கிறேன் என்று சொன்னதும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஃபிரெஞ்சா? அத வச்சு யாருகூடடா பேசுவ?”

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க நானும் முயன்றிருக்கிறேன். ஒருமுறை மீனாட்சி கோயிலை ஒட்டிய மேலச் சித்திரை வீதியில் வெள்ளைக்காரத் தம்பதியைக் கண்டு, மூச்சை இழுத்துப் பிடித்து என் ஃபிரெஞ்சை அவிழ்த்துவிட்டேன். அவர்கள் இரக்கத்தோடு ஆங்கிலத்தில் பதில் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற கைடு ஒருவர் அவர்களோடு அருவி மாதிரி ஃபிரெஞ்சு கொட்டிவிட்டு, என் பக்கம் திரும்பி, “அண்ணே, லைனுக்குப் புதுசா?” என்று அன்பாக விசாரித்தார். அதற்குப் பிறகு அந்த வீதிப் பக்கமே நான் ஃபிரெஞ்சோடு போவதில்லை.

பஸ் ஏறி வந்த ‘வா’

தனசேகரன் குடும்பத்துக்கு மேற்கே ஆற்றுப் பாசனத்தில் வயலும் தென்னந்தோப்பும் இருந்தன. எங்கள் அப்பாவுக்கு அந்த வயலில் வேலை இருந்தது, நிலம் இல்லை. அந்தக் குடும்பத்துச் சின்னப் பிள்ளைகள்கூட அப்பாவைப் பெயர் சொல்லி ‘வா’ என்பார்கள். அப்பா அவர்களை ‘வாங்க’ என்பார். மழை மேலிருந்து கீழே பெய்கிற மாதிரி, அதை யாரும் யோசித்துப் பார்த்ததில்லை.

பிறகு அவர்கள் வயலில் ஒரு பகுதியை விற்றுக் கப்பலூரில் ரப்பர் கம்பெனி போட்டு, கோச்சடையில் வீடு கட்டினார்கள். அப்பா கேட்டதற்கு இணங்கி அண்ணனுக்கு வேலை கொடுத்தார்கள். அந்த நன்றி எங்களுக்கு இன்றும் உண்டு. ஆனால் வயல் போன பிறகும் அந்த ‘வா’ போகவில்லை. அதுவும் அண்ணனோடு பஸ் ஏறிக் கப்பலூர் வந்து சேர்ந்துவிட்டது.

அண்ணன் இன்று அங்கே சூப்பர்வைசர். தலை முழுக்க நரை. எந்த பிரஸ் மிஷின் எப்போது மக்கர் பண்ணும் என்பது அவர் விரல்நுனியில். இருந்தாலும் பொறியியல் படித்துவிட்டு நேற்று வந்த கௌதம், “சோலை, இங்க வா” என்பார். அண்ணன், “வந்துட்டேங்க தம்பி” என்று போவார்.

இதில் என்னைக் குத்துவது எது தெரியுமா? எனக்கு அங்கே கிடைக்கிற மரியாதை. நான் எப்போது போனாலும் தனசேகரன் எழுந்து நிற்பார். “வாத்தியாரே, வாங்க, உக்காருங்க” என்பார். அதே மூச்சில் அந்தப் பக்கம் திரும்பி, “சோலை, வாத்தியாருக்கு ஒரு டீ சொல்லு” என்பார்.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரே வாக்கியத்தில் ஒருவர் ‘வாங்க’, ஒருவர் ‘சொல்லு’. எனக்குக் கிடைத்த ‘வாங்க’வுக்குக் கொப்புளம் வாங்கியது அண்ணன் கை. அந்த டீ எனக்கு ஒருநாளும் தொண்டையில் இறங்கியதில்லை. வீணாக்கக்கூடாது என்பதால் குடித்துவிடுவேன், அது வேறு விஷயம்.

துத்வாயே

இப்போது அந்த வினைச்சொல்லைச் சொல்லிவிடுகிறேன். துத்வாயே.

ஃபிரெஞ்சிலும் நம்மைப் போலவே இரண்டு உண்டு. ‘து’ என்றால் நீ. ‘வூ’ என்றால் நீங்கள். அந்தத் ‘து’வைச் சரியாகச் சொல்ல, விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்துக்கொண்டு உள்ளுக்குள் ‘ஈ’ சொல்ல வேண்டும். புது மாணவர்களுக்கு இதைப் பழக்குகிற நாளில் என் வகுப்பைப் பார்த்தால், யாரோ சூடான பாயசத்தை ஊதுகிறார்கள் என்று நினைப்பீர்கள்.

நம்மிடம் இல்லாதது ஒன்று அவர்களிடம் இருக்கிறது. ஒருவரை ‘நீ’ என்று அழைத்துப் பேசுகிற செயலுக்கே தனியாக ஒரு வினைச்சொல். நாம் ‘வாடா போடான்னு பேசுறாரு’ என்றோ ‘ஒருமையில் பேசினார்’ என்றோ சுற்றி வளைக்கிறோம். அவர்கள் ‘து’வையும் அதன் தம்பியான ‘த்வா’வையும் எடுத்து, ஒரு வால் ஒட்டி வினைச்சொல்லாக்கிவிட்டார்கள். ‘நீங்கள்’ என்று பேசுவதற்கும் அதேபோல வூவ்வாயே என்று ஒன்று.

இதெல்லாம் லத்தீனிலிருந்து வந்த சரக்கு. அங்கே ‘து’ ஒருமை, ‘வோஸ்’ பன்மை. சக்கரவர்த்தியைப் போய் ஒரு ஆள் என்று எப்படிச் சொல்வது என்று பயந்து, பல ஆளாக்கிக் கூப்பிட்டார்களாம். நாமும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறோம். அவர்கள் நாட்டில் புரட்சி நடந்தபோது, இனிமேல் எல்லாரும் எல்லாரையும் ‘து’ என்றே சொல்ல வேண்டும் என்று கிளம்பியிருக்கிறார்கள். கொஞ்ச காலம்தான். சத்தம் அடங்கியதும் ‘வூ’ சத்தமில்லாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

வினைத்திரிபு சுலபம். ழ துத்வா: நான் நீ என்கிறேன். து துத்வா: நீ நீ என்கிறாய். இல் துத்வா: அவர் நீ என்கிறார். நூ துத்வாயோன்: நாங்கள் நீ என்கிறோம். வூ துத்வாயே: நீங்கள் நீ என்கிறீர்கள். இல் துத்வா: அவர்கள் நீ என்கிறார்கள். காதுக்கு நாலு ஒன்றுபோலவே கேட்கும். எழுத்தில் வால் மாறும். நூவுக்கும் வூவுக்கும் மட்டும் உள்ளே ஒளிந்திருக்கிற ‘ய’ வெளியே வரும். அதை விட்டுவிட்டால் மார்க் போச்சு.

பல வருஷம் இதை மிளகாய் நெடியில் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தேன். அதில் ஒரு வாக்கியம் எங்கள் வீட்டுக் கதை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அதற்கு வருகிறேன்.

மதாம் வருகிறார்

ஃபிரான்சில் தண்ணீர்க் குழாய்களுக்கு மாட்டுகிற ரப்பர் வளையம் வாங்குகிற ஒரு கம்பெனி, தனசேகரனின் கொட்டகையைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுப்பதாகச் சொல்லியிருந்தது. பார்க்க வருகிறவர் ஒரு பெண்மணி, அவர்கள் பாஷையில் சொன்னால் மதாம். ஆர்டர் வந்தால் கொட்டகையில் எல்லாருக்கும் வருஷம் முழுக்க வேலை. வராவிட்டால் ராக்கம்மா அக்கா போன்றவர்கள் பாதிப் பேரை நிறுத்த வேண்டியிருக்கும் என்று பேச்சு.

தனசேகரன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும் என்பது அவருக்கும் தெரியும். “இருந்தாலும் அவுக பாஷையிலயே பேசி அசத்திப்புடணும் வாத்தியாரே” என்றார். சம்பளமாக மட்டன் பிரியாணி பேசி முடிவானது.

பார்வையிட வருகிறார்கள் என்றால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஹெல்மெட், கையுறை, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி எல்லாம் அலமாரியிலிருந்து இறங்கும். தரையில் மஞ்சள் கோடு முளைக்கும். பார்வை முடிந்த மறுநாள் எல்லாம் திரும்ப அலமாரிக்குள் போய்விடும். கோடு மட்டும் தானாக அழியும்வரை கிடக்கும்.

“வேற என்னத்தப் பாப்பாங்க வாத்தியாரே? ஃபிரெஞ்சுக்காரவுகளப் பத்தி ஒங்களுக்குத் தெரியாததா?” என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அதற்குள் அண்ணன் டீ கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அந்த டீயைப் பார்த்ததும் என் வாயிலிருந்து அந்த வினைச்சொல் வந்துவிட்டது.

அவர்களிடம் நீ, நீங்க இரண்டும் உண்டு என்றேன். அதற்கென்றே ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள், அம்புட்டுக் கவனிப்பார்கள் என்றேன். சின்ன வயசுக்காரர் பெரியவரை ‘நீ’ என்று சொல்லி, பெரியவர் திருப்பி ‘நீங்க’ என்று சொன்னால், இது என்ன கம்பெனி என்று பார்ப்பார்கள் என்றேன். பொய் இல்லை. கொஞ்சம் அழுத்திச் சொன்னேன், அவ்வளவுதான்.

“அவுகளுக்குத்தான் தமிழ் தெரியாதே?”

“மொழிபெயர்க்கிறது நான்தானே முதலாளி. நீங்க சொல்றத உள்ளபடி சொன்னாத்தானே சரியா இருக்கும்.”

தனசேகரன் தாடையைச் சொறிந்தார். பிறகு மகனைக் கூப்பிட்டு, தீயணைப்பானுக்குத் தேதி பார்க்கச் சொன்ன அதே குரலில், சோலைமலையை ‘வாங்க போங்க’ என்று சொல்லப் பழகச் சொன்னார். அப்படித்தான் ‘நீங்க’ ஹெல்மெட்டோடு சேர்ந்தது. முதலில் சொன்ன ஒத்திகை அதுதான்.

ஒத்திகை முடிந்து சாயங்காலம் வண்டியில் வரும்போது அண்ணன், “அந்தம்மா எப்படா கெளம்பும்?” என்றார். எனக்குப் புரிந்தது. ஹெல்மெட்டும் அந்த ‘நீங்க’வும் எப்போது அலமாரிக்குள் போகும் என்று கேட்கிறார். போட்டுக் கழற்றுவதைவிடப் போடாமலே இருப்பது மேல் என்று எனக்கும் அப்போது தோன்றியது. வேலியில் போன ஓணானை எடுத்து அண்ணன் தோளில் விட்டுவிட்டோமோ என்று பயந்தேன்.

எம்புட்டு வருசமா

மதாம் வந்தார். நரைத்த கிராப்பு, பருத்திச் சட்டை, கையில் சொந்த ஹெல்மெட். அதில் கீறல் விழுந்திருந்தது. எங்கள் ஹெல்மெட்டுகள் வெட்கப்பட்டன.

நான் உருப்போட்டிருந்த வரவேற்புரையைத் தங்குதடையில்லாமல் சொல்லி முடித்தேன். அவர் முகம் மலர்ந்தது. அதுதான் நான் செய்த தப்பு. இந்த ஆளுக்கு நன்றாகத் தெரியும் என்று நம்பி அவர் வேகமெடுத்துவிட்டார். முதல் பத்து நிமிஷம் நான் ‘மன்னிக்கவும்’ என்ற சொல்லை மட்டுமே விதவிதமான பாவங்களில் பேசிக்கொண்டிருந்தேன். பாவம், அவர் வேகத்தைக் குறைத்தார். பிறகு மெல்ல மெல்ல, யாரோ காதில் அடைத்திருந்த பஞ்சை எடுத்த மாதிரி, சொற்கள் பிரிந்து பிரிந்து கேட்க ஆரம்பித்தன. என் வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் ஃபிரெஞ்சில் கேட்டதற்கு நான் ஃபிரெஞ்சில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். மாவு மில்லுக்கு மேலே இருந்துகொண்டு கற்பித்தது உண்மையான மொழிதான் என்பது அன்றைக்குத்தான் எனக்கே உறுதியானது.

மதாம் நேராக அண்ணனிடம் போய் நின்றார். கேள்வியை என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, அண்ணனைப் பார்த்துக் கேட்டார். எத்தனை வருஷமாக இங்கே வேலை செய்கிறீர்கள் என்று. ‘வூ’ போட்டு.

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். எனக்கும் கௌதமுக்கு வந்த வியாதி வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து நான் அண்ணனை ‘அண்ணே, நீ’ என்றுதான் சொல்வேன். எங்கள் பக்கம் அப்படித்தான். அம்மாவை நீ, மீனாட்சியை நீ, அண்ணனை நீ.

“அண்ணே… எம்புட்டு வருசமா இங்க வேலை பாக்குறீங்கன்னு கேக்குறாங்க.”

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். தெரியாத ஆள் தோளில் கைபோட்ட மாதிரி. பிறகு மதாம் பக்கம் திரும்பிச் சொன்னார்.

“மீசை மொளைக்க முன்னாடி வந்தேன்னு சொல்லு. இப்ப நரைச்சுப்போச்சுன்னும் சொல்லு.”

சொன்னேன். மதாம் தன் தலையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்.

அடுத்த கேள்விதான் பெரியது. சரக்கு சரியில்லை என்று தெரிந்தால் மிஷினை யார் நிறுத்துவார்கள்? தனசேகரன் தன் நெஞ்சைத் தொட்டார். கௌதமும் தன் நெஞ்சைத் தொட்டார். மதாம் இரண்டு நெஞ்சையும் பார்த்துவிட்டு அண்ணனைப் பார்த்தார்.

“நாந்தான் நிறுத்துவேன். நிறுத்திட்டுத்தான் இவுககிட்டச் சொல்வேன்” என்றார் அண்ணன்.

ராக்கம்மா அக்கா கத்தரியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். தனசேகரன் முகம் கறுத்தது. நான் மொழிபெயர்த்தேன். மதாம் கௌதம் பக்கம் திரும்பி, அது உண்மையா என்று கேட்டார்.

கௌதம் அப்பாவைப் பார்க்கவில்லை. “ஆமா. அவரு நிறுத்தினா நாங்க கேள்வி கேக்குறதில்ல” என்றார்.

ஒத்திகையில் இல்லாத வரி அது. ‘அவரு’ என்பது தடங்கல் இல்லாமல் வந்தது. மதாம் தலையசைத்துக்கொண்டே அடுத்த பிரஸ்ஸுக்கு நகர்ந்தார். ராக்கம்மா அக்காவின் கத்தரி மறுபடி ஓட ஆரம்பித்தது.

ஒரு அனுமதி

கிளம்பும்போது மதாம் என் கையைக் குலுக்கி ஒன்று கேட்டார். நாள் முழுக்க ஒன்றாக வேலை செய்துவிட்டோமே, இனி நாம் துத்வாயே செய்துகொள்ளலாமா என்று. அதாவது, இனி ஒருவரையொருவர் ‘நீ’ என்றே பேசிக்கொள்ளலாமா?

இத்தனை வருஷம் அந்த வினைச்சொல்லைக் கரும்பலகையில் எழுதி அழித்த மனுஷனை முதல்முறையாக ஒருவர் அதைச் செய்யக் கூப்பிட்டார். நான் பதறிப்போய், “தாராளமாக, மதாம், உங்கள் விருப்பம்” என்று நல்ல அழுத்தமான ‘வூ’ போட்டுப் பதில் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கார் கிளம்பித் திருமங்கலம் ரோட்டில் திரும்பும்வரை சிரித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

நாங்கள் வீட்டுக்குப் போகிற வழியில் டீக்கடையில் அண்ணன் வண்டியை நிறுத்தினார். அந்தம்மா எதற்குச் சிரித்தது என்று கேட்டார். சொன்னேன்.

“கேட்டுக்கிட்டுத்தான் நீன்னு சொல்வாங்களா?”

“பெரியவங்களுக்குள்ள அப்படித்தாண்ணே.”

“ஒருத்தர் மட்டும் சொல்லலாமா? இல்ல ரெண்டு பேருமேவா?”

“ரெண்டு பேரும்தான். ஒருத்தர் மட்டும் சொன்னா மரியாதைக் கொறச்சல்.”

அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே அந்த வினைச்சொல்லைச் சொல்லச் சொன்னார். வகுப்பில் சொல்கிற மாதிரியே, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ராகத்தோடு ஒப்பித்தேன். கடைக்காரர் பால் சட்டியில் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“இதுல நான் எங்கடா இருக்கேன்?”

அப்போதுதான் தோன்றியது. ஃபிரெஞ்சில் ஒரு வாக்கியம் உண்டு. வூ ம துத்வாயே. நீங்க என்னை நீ என்கிறீங்க. சொல்கிறவர் மரியாதை கொடுத்துக்கொண்டே, தனக்கு அது கிடைக்கவில்லை என்றும் சொல்லிவிடுகிறார். மூன்றே சொல். அப்பாவின் ஆயுசும் அண்ணனின் ஆயுசும் அதற்குள் இருக்கின்றன.

அதைச் சொன்னேன். அண்ணன் கிளாஸை வைத்துவிட்டு, ஒரு தடவை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். உச்சரிப்பு என் மாணவர்களைவிட நன்றாக இருந்தது என்று எழுத ஆசை. இல்லை. படுமோசம். ஆனால் முகத்தில் ஒரு முடிவு தெரிந்தது. அவர் எப்போதும் சொல்கிற ‘சரி விடு’வை அன்று சொல்லவில்லை.

அலமாரிக்குள் போகாதது

சில நாள் கழித்து மதாமிடமிருந்து ஆர்டரை உறுதிசெய்து மெயில் வந்தது. வாசித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். போனால், எதிர்பார்த்த மாதிரியே ஹெல்மெட்டெல்லாம் பாலித்தீன் உறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தன. தீயணைப்பானைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். மெயிலை அச்செடுத்து என் கையில் கொடுத்தார்கள்.

மெயிலை வாசித்துக்கொண்டிருக்கும்போதே கௌதம் கொட்டகையின் கோடியிலிருந்து கூப்பிட்டார்.

“சோலை, இங்க வா.”

கத்தரிகள் நின்றன. எல்லாருக்கும் கேட்டது. எனக்குக் காகிதத்தில் எழுத்து மறைந்துவிட்டது.

அண்ணன் கையைத் துணியில் துடைத்தார். அவசரமில்லாமல் நடந்து போனார். மஞ்சள் கோட்டைத் தாண்டி கௌதமுக்கு முன்னால் நின்றார். என் மூத்த மகளிடம் கேட்கிற அதே இதமான குரலில் சொன்னார்:

“வந்துட்டேன் கௌதமு. சொல்லு. ஒனக்கு என்ன வேணும்?”

கோபம் இல்லை, குத்தல் இல்லை. அதனால்தான் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. தனசேகரன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, இதை மொழிபெயருங்கள் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

நான் மெயிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். “ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தாத் தப்பில்ல முதலாளி. அவுக ஊர்ல அதுக்குப் பேரு சிநேகிதம்.”

கௌதம் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் முகம் சிவந்தது. பிறகு என்னவோ அவிழ்ந்த மாதிரி தலையைக் குனிந்தார்.

“பழக்கத்துல வந்துருச்சுண்ணே” என்றார் மெதுவாக. பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “மூணாவது பிரஸ்ல பிசிறு ஜாஸ்தியா வருது. என்னன்னு பாருங்கண்ணே.”

“பாத்துருவோம் தம்பி. நீங்க போங்க, நான் வாரேன்.”

அம்புட்டுத்தான். கத்தரிகள் மறுபடி ஓடின. ராக்கம்மா அக்கா மட்டும் குனிந்தபடியே முந்தானையால் மூக்கைத் துடைத்தார். ரப்பர் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று பிற்பாடு சொன்னார்.

தனசேகரன் விஷயம் வேறு. அவர் அண்ணனைவிட மூத்தவர், பழைய வாய். ‘வா’ என்று சொன்னால் பதிலுக்கு என்ன வருமோ என்று பயம், ‘வாங்க’ என்று சொல்ல மனசு வரவில்லை. அதனால் எந்த ஃபிரெஞ்சு வினைத்திரிபிலும் இல்லாத ஒரு மூன்றாம் வழியைக் கண்டுபிடித்தார். “சோலை, அந்த மோல்டைப் பாக்கலாமே” என்பார். “டீ சாப்பிடலாமே” என்பார். இன்றுவரை அப்படித்தான் ஓட்டுகிறார். அவ்வளவு தூரம் வந்ததே பெரிது என்று விட்டுவிட்டோம்.

என் வகுப்பில் இப்போது அந்த வினைச்சொல் வருகிற நாளில் நான் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிறேன். உதாரணம் கேட்டால் ஃபிரான்சுக்குப் போவதில்லை. கப்பலூருக்குப் போகிறேன். ஃபிரெஞ்சை வைத்து யாரோடு பேசுவாய் என்று கேட்டவர், அதை வைத்துத் தன் வேலையிடத்தில் ஒரு வார்த்தையைத் திருப்பிக் கொடுத்து, தனக்கு வரவேண்டியதை வாங்கிக்கொண்டார். நான் கற்றுக்கொடுத்ததில் நூற்றுக்கு நூறு வாங்கிய ஒரே மாணவர் அவர்தான் என்று சொல்லிக்கொள்வேன். அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் முதுகில் ஒன்று விழும்.

மெயில் வாசித்த அன்று சாயங்காலம் கொட்டகை வாசலில் அண்ணன் வண்டியை உதைத்து எடுத்தார். முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பின்சீட்டைக் கையால் தட்டித் துடைத்தார்.

“வாங்க வாத்தியாரே. ஏறுங்க.”

“அண்ணே, நமக்குள்ள எதுக்குண்ணே அது?”

“வேணாமா?”

“வேணாம்ணே.”

“அப்ப ஏறுடா.”

ஏறிக்கொண்டேன்.